பெண்ணுக்குப் பெண் மருத்துவர் வேண்டும். பெண் பயிற்சியாளர் வேண்டாமா?



நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது. மழைக்காலம் முடிந்து, மரக்காணத்து அளங்களில் தேங்கிய நீரை இறைத்துப் பாத்திகளைச் செப்பனிடும் நாள்கள். அஸர் தொழுகைக்குப் பின் பிள்ளைகளுக்குக் குர்ஆன் பாடம் தொடங்கவிருந்த வேளையில், உப்பளக் கூலிக்குச் செல்லும் சகோதரர் ஒருவர் மதரஸா வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னோம். "காலெல்லாம் சேறா இருக்கு ஹஜ்ரத், இங்கேயே நிக்கிறேன். மக விஷயமா ஒண்ணு கேக்கணும். காலேஜ்ல ஃபுட்பால் டீமுக்கு எடுத்திருக்காங்களாம். அனுப்பலாமா?" என்றார்.

நாம் மூன்று கேள்விகள் கேட்டோம். உடை எப்படி? முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை கால்சட்டையும் தலைத்துணியும் அணிந்து ஆட அனுமதி உண்டென்றார். மைதானம் எங்கே? பெண்கள் கல்லூரியின் சுற்றுச்சுவருக்குள். பயிற்சி கொடுப்பவர் யார்? வெளியூரிலிருந்து வாரத்தில் மூன்று நாள் வந்துபோகும் ஓர் ஆண் என்றார். "அப்படியானால் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அந்தப் பெண் அணியிலிருந்து விலகினாள். ஓராண்டுக்குப் பின் படிப்பிலிருந்தும் விலகினாள். இரண்டாவதற்கு முதலாவதே காரணம் என்று நம்மால் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. காரணமே இல்லை என்று சொல்லவும் நம் மனம் ஒப்பவில்லை.

நம் பதிலில் மார்க்கப் பிழை இருந்ததாக இன்றளவும் நாம் கருதவில்லை. பதினெட்டு வயதுப் பெண் பிள்ளைகளின் உடலைத் தொட்டும் திருத்தியும் பயிற்றுவிக்கும் பணியில் அந்நிய ஆண் இருக்கலாகாது என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அது பாதிப் பதில். மீதிப் பாதியை, அதாவது "அந்த இடத்தில் ஒரு பெண்ணை அமர்த்த நாம் என்ன செய்தோம்?" என்பதை, அன்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ளவில்லை. இக்கட்டுரை அந்த மீதிப் பாதிக்காக எழுதப்படுகிறது. படித்துவிட்டுக் கோபம் கொள்வோர் முதலில் நம்மீதே கோபம் கொள்ளட்டும்.

ஃபிக்ஹு நூல்களை ஓதியவர்கள் அறிவார்கள்: பெண் நோயாளிக்குப் பெண் மருத்துவர் கிடைக்கும்போது அவரிடமே செல்ல வேண்டும், கிடைக்காத நிலையில்தான் பிற வரிசை வருகிறது. இந்தச் சட்டத்தை நம் சமுதாயம் பல தலைமுறைகளாக உறுதியாகப் பற்றி நின்றது. பிரசவத்துக்கு ஆண் மருத்துவரா என்று கேட்டுக் கேட்டுத்தான், "நாமே ஏன் நம் பெண்ணை மருத்துவம் படிக்க வைக்கக் கூடாது?" என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தோம். இன்று மகளை மருத்துவராக்கிய தந்தையை மேடையில் அமர்த்திப் பொன்னாடை போர்த்துகிறோம். சமுதாயத்தில் யாரேனும் சிலர் செய்தாக வேண்டிய, எவருமே செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளியாகும் கடமைக்கு ஃபர்ளு கிஃபாயா என்று பெயர். பெண் மருத்துவரை உருவாக்குவது அவ்வகையில் சேரும் என்பதை ஏற்றுக்கொண்ட நாம், நம் பெண் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பயிலும் கல்லூரிகளில் அவர்களின் உடற்பயிற்சிக்குப் பொறுப்பேற்கும் பெண்ணை உருவாக்குவது எந்த வகையில் சேரும் என்று யோசித்ததுண்டா?

"விளையாட்டு வீண் கேளிக்கை; அதற்கு எதற்கு ஃபர்ளு கிஃபாயா?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களுக்கு நம் பதில் சுருக்கமானது. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. ஒரு முறை அன்னையார் முந்தினார்கள். பின்னொரு முறை, அவர்களின் உடல் சற்றுப் பருத்தபின், நபியவர்கள் முந்தி, அன்றைய தோல்விக்கு இது ஈடு என்ற கருத்தில் சொன்னார்கள். உம்மு உமாரா நுஸைபா (ரலி) அவர்கள் உஹது களத்தில் நபியவர்களைக் காத்து நின்றது நடுங்கும் கைகளால் அன்று. இதை ஜும்ஆ மேடையில் கண்ணீர் மல்கச் சொல்கிறோம். அதே வாயால், நம் மகள் கல்லூரி மைதானத்தில் ஓடினால் உலகம் கவிழ்ந்துவிடும் என்றும் சொல்கிறோம்.

நம் கடற்கரைக்கே வருவோம். தை பிறந்தது முதல் ஆவணி கழியும் வரை இங்கே விடியுமுன்னே பெண்கள் அளத்தில் இறங்குகிறார்கள். மரப்பலகையால் உப்பை வாரி வரப்பில் குவிக்கிறார்கள். கூடையில் அள்ளித் தலைச்சுமையாகக் கரை சேர்க்கிறார்கள். பாதம் வெடித்துக் கிடக்கிறது. உப்பின் வெண்மையில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் கெடுகிறது. சுற்றிலும் லாரி ஓட்டுநரும் கணக்குப்பிள்ளையும் எடைபோடுவோருமாக ஆண்கள். நம் மஹல்லாவிலும் அளத்துக் கூலியில் உலை வைக்கும் வீடுகள் சில உண்டு. அந்தத் தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது ஃபத்வா கேட்டு எவரும் நம் வாசலில் வந்து நின்றதில்லை. பெண்ணின் உடல் கூலிக்கு உழைத்தால் கேள்வி இல்லை. அவளுடைய நலனுக்காக அசைந்தால் மட்டும் கேள்வி எழுகிறது. இந்த வேறுபாட்டுக்கு எந்த மத்ஹபிலும் ஆதாரம் கிடையாது.

இனிப் பயிற்சியாளர் பணி. கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளர் என்றவுடன், விசிலை ஊதிக்கொண்டு கோட்டோரம் நிற்கும் ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். பணியின் பெரும்பகுதி மைதானத்துக்கு வெளியில் இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு வேறு மாநிலத்துக்கு இரவு ரயிலில் அணியை அழைத்துச் செல்பவர் அவர். தங்கும் விடுதியில் யாருக்கு எந்த அறை என்று முடிவு செய்பவர் அவர். முட்டி பிசகிய பெண்ணின் காலைப் பிடித்துப் பார்ப்பவர் அவர். பெண்களுக்கு முழங்காலின் முன் தசைநார் கிழியும் ஆபத்து ஆண்களைவிடப் பன்மடங்கு அதிகம் என்பது விளையாட்டு மருத்துவம் அறிந்த உண்மை. தாவி இறங்கும் முறையைத் திருத்திப் பழக்கினால் அது குறையும். திருத்துவதென்றால் அருகில் நின்று இடுப்பையும் முழங்காலையும் பார்த்துச் சொல்ல வேண்டும். மாதவிலக்கு நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடும் பெண், "இன்று என்னால் இயலாது" என்று யாரிடம் சொல்வாள்? ஆணிடம் சொல்ல நாணி, "தலைவலி" என்று பொய் சொல்வாள். பொய் சொல்ல வைத்த பழி யாருடையது?

ஆண் பயிற்சியாளர் அனைவரையும் நாம் ஐயுறவில்லை. புதுச்சேரியைத் தாண்டினால் கடலூர். அங்கே மாரியப்பன் என்ற பயிற்சியாளர், 2004 சுனாமியில் உறவுகளை இழந்த பிள்ளைகள் உட்பட, வறிய வீட்டுப் பெண்களைத் திரட்டி ஆண்டுக்கணக்கில் கால்பந்து கற்றுத் தந்தார். கடலூர் மண்ணில் வளர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராக இருக்கிறார். 2018இல் கட்டக்கில் மணிப்பூரை 2க்கு 1 என்று வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் அணி முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றது. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மீண்டும் பெற்றது. நம்மைப்போல் கடலோரத்தில் ஏழ்மையில் பிறந்த பெண்கள் அவர்கள். ஓர் ஆண் நேர்மையுடன் உழைத்ததை மறைத்துப் பேசுவது நமக்கு அழகன்று.

ஆயினும், தனி மனிதரின் நேர்மையை நம்பி ஒரு சட்டத்தைக் கைவிட முடியாது. 2022 ஜூலையில், பதினேழு வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் அணி ஐரோப்பியப் பயணத்தில் இருந்தபோது எழுந்த பாலியல் ஒழுங்கீனப் புகாரில் அதன் துணைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். 2024 மார்ச்சில், போட்டிக்காகக் கோவாவில் தங்கியிருந்த வீராங்கனைகள் இருவர், அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளன நிர்வாகி ஒருவர் தங்கள் அறைக்குள் புகுந்து தாக்கியதாகப் புகார் தந்தனர். அவர் கைது செய்யப்பட்டார். அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருக்கலாகாது என்று மார்க்கம் சொன்னபோது அதைப் பழமைவாதம் என்று ஏளனம் செய்தவர்களே, இன்று விளையாட்டுச் சங்கங்களில் "பாதுகாப்பு விதிமுறை" என்ற பெயரில் அதையே எழுதி வைக்கிறார்கள். எழுதட்டும். நமக்கு மகிழ்ச்சியே.

கல்லூரி விளையாட்டின் தாயகமாகக் கொண்டாடப்படும் அமெரிக்காவைப் பாருங்கள். அரசு நிதி பெறும் கல்விக்கூடங்களில் பால் வேறுபாடு கூடாதென்ற சட்டம் அங்கே 1972இல் வந்தது. அதற்கு முன் கல்லூரிப் பெண்கள் அணிகளில் 100க்கு 90க்கு மேற்பட்டவற்றைப் பெண்களே பயிற்றுவித்தனர். சட்டத்தின் விளைவாகப் பணமும் ஊதியமும் பெருகின. அந்த இடங்களை ஆண்கள் நிரப்பினர். இப்போது 100க்கு 40ஐச் சற்றே தாண்டிய அளவுதான் பெண்கள். அக்கல்லூரிப் பெண்கள் கால்பந்தில் மிகப் பெரும் பெயர் ஆன்சன் டோரன்ஸ். நம் பம்பாயில் 1951இல் பிறந்தவர். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1979 முதல் 2024 வரை பெண்கள் அணியைப் பயிற்றுவித்து 21 தேசியக் கல்லூரிப் பட்டங்களை வென்றவர். முன்னாள் வீராங்கனைகள் இருவர் 1998இல் அவர்மீது பாலியல் தொந்தரவு வழக்குத் தொடுத்தனர். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். பத்தாண்டு இழுபறிக்குப் பின் 2008இல் பல்கலைக்கழகம் பணம் கொடுத்துச் சமரசம் செய்தது; மாணவிகளின் அந்தரங்கம் பற்றிய பேச்சில் தாம் கலந்துகொண்டது தகாதது என்று அவர் மன்னிப்புக் கடிதம் எழுதினார். பட்டங்கள் 21. அவற்றை வெல்லும் திறமை வேறு, பிறர் வீட்டுப் பிள்ளையைக் காக்கும் அமானிதம் வேறு. 2023 பெண்கள் உலகக் கோப்பையில்கூட 32 அணிகளில் 12 அணிகளுக்கே தலைமைப் பயிற்சியாளர் பெண். இத்துறையில் இடம் காலியாக இருக்கிறது என்பதையே இந்த எண்கள் சொல்கின்றன.

"தலையில் துணியோடு எப்படி ஆடுவது, வெளியே சேர்க்கமாட்டார்களே" என்போருக்கு ஒரு செய்தி. ஆம், சேர்க்கத்தான் இல்லை. 2011 ஜூனில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜோர்தானுக்கு எதிராக ஆட வந்த ஈரான் பெண்கள், தலையை மறைத்திருந்தார்கள் என்பதற்காக மைதானத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டனர். முஸ்லிம் பெண்ணை அடைத்து வைப்பது முஸ்லிம்கள்தாம் என்று உலகுக்குப் பாடம் எடுத்தவர்கள், வெளியே வந்த பெண்ணுக்குக் கதவடைத்த கதை இது. ஜோர்தான் இளவரசர் அலீ பின் அல் ஹுஸைன் முதலானோர் வாதாடி, 2012இல் சோதனை அனுமதியும் 2014 மார்ச்சில் முழு அனுமதியும் கிடைத்தன. 2023 உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்ஸீனா ஹிஜாப் அணிந்து தென் கொரியாவுக்கு எதிராகக் களமிறங்கினார், மொராக்கோ வென்றது. அதே கோடையில் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம், அந்நாட்டுப் போட்டிகளில் ஹிஜாபைத் தடுக்கும் சம்மேளன விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. போராட்டம் முடியவில்லை. ஆனால் நம் ஊரில் பன்னாட்டு விதியே அனுமதிக்கும் ஒன்றை, "அனுமதி இல்லை" என்று நாமே சொல்லி மகளை வீட்டில் இருத்துவது யாருக்குச் செய்யும் உதவி?

நம் சமுதாயத்தால் இயலாது என்றும் சொல்லாதீர்கள். 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் காவல்துறை அணியை 3க்கு 1 என்று வீழ்த்தி இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வென்றது மதுரையின் சேது எஃப்.சி. அதை நடத்துபவர் சீனி முகைதீன். காரியாபட்டி அருகில் சேது பொறியியல் கல்லூரி நடத்தும் முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்த ஆண்டு அணியின் பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த் என்ற பெண். அடுத்த பருவத்தில் பட்டம் வென்ற கோகுலம் கேரளா அணிக்கும் பி.வி. பிரியா என்ற பெண்ணே பயிற்சியாளர். நாட்டின் தலையாய பெண்கள் போட்டியை அடுத்தடுத்துப் பெண்கள் வென்று காட்டியிருக்கிறார்கள். முஸ்லிம் ஒருவர் செல்வத்தைச் செலவிட்டு, பெண் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்து, அணி பட்டமும் வென்றது. நம் பத்திரிகைகளில் இது எத்தனை வரி வந்தது?

மீலாது ஊர்வலத்துக்கும் வலீமா விருந்துக்கும் நாம் கொட்டும் பணத்தின் கணக்கை இங்கே எழுதினால் நண்பர்கள் மனம் நோகும், விட்டுவிடுகிறோம். ஒன்றை மட்டும் கேட்கிறோம். சென்னையில் 1955இல் தொடங்கிய நீதியரசர் பஷீர் அகமது சயீத் பெண்கள் கல்லூரியையும் கீழக்கரையில் 1988இல் தொடங்கிய தாசீம் பீவி அப்துல் காதர் பெண்கள் கல்லூரியையும் நம் முன்னோர் கட்டினார்கள். அவை எழும்பியபோது, "பெண்ணுக்குக் கல்லூரி எதற்கு" என்று கேட்டோர் இல்லாமலா இருந்திருப்பார்கள்? நபியவர்களிடம் சென்று, ஆண்களே உங்களைச் சூழ்ந்திருக்கிறார்கள், எங்களுக்கென ஒரு நாளை ஒதுக்குங்கள் என்று கேட்டுப் பெற்ற ஸஹாபிப் பெண்மணிகளின் வழிதானே அது? இனி வேண்டியது அக்கல்லூரிகள் போன்றவற்றின் மைதானத்தில் நிற்கத் தகுதியுள்ள நம் பெண்கள்.

வழி தெரியாதோருக்காக எழுதுகிறோம். பட்டப்படிப்புக்குப் பின் பி.பி.எட்., எம்.பி.எட். பயிலலாம். சென்னை நந்தனத்தில் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது; மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பணிக்கு முதுகலையுடன் தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி அதன் தொடக்க ஊதிய நிலை உதவிப் பேராசிரியருக்கு இணையானது. சுயநிதிக் கல்லூரிகளில் அந்த ஊதியம் கிடைப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பகுதிநேரப் பயிற்சியாளருக்கு இன்னும் சொற்பம். கால்பந்தை மட்டும் எடுத்துக்கொண்டால், சம்மேளனத்தின் 'டி' உரிமத்தில் தொடங்கி 'சி', 'பி', 'ஏ' என்று ஏறிச் செல்ல வேண்டும். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயமும் மதிப்புடையது. காலைப் பயிற்சி பெரும்பாலும் பஜ்ருக்குப் பின் தொடங்கி வகுப்புக்கு முன் முடியும். வெளியூர்ப் பயணம் உண்டு. அதில் மஹ்ரம் பற்றிய கேள்வி எழும். அதற்கு ஊர் உலமாக்கள் கூடிப் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல அஞ்சி, கேள்வி கேட்ட பெண்ணை வீட்டுக்கு அனுப்புவதை நாம் ஒருமுறை செய்துவிட்டோம்.

கல்யாணச் சந்தை பற்றியும் சொல்லத்தான் வேண்டும். "விளையாட்டு டீச்சரை யார் கட்டுவார்?" என்று ஒரு தாய் நம்மிடமே கேட்டார். இருபது ஆண்டுகளுக்கு முன் "நர்ஸை யார் கட்டுவார்?" என்று கேட்ட அதே வீடுகள் இன்று வளைகுடாவில் வேலை பார்க்கும் செவிலியரை மருமகளாகத் தேடுகின்றன. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

சென்ற மாதம் அந்தச் சகோதரர் மீண்டும் வந்தார். இம்முறை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து அமர்ந்தார். இளைய மகள் பட்டப்படிப்பை முடிக்கப் போகிறாள். கல்லூரியில் அக்காவுக்குத் தராத அனுமதியை அவளுக்கும் அவர் தரவில்லை. ஆனால் அவள் தன் தோழியரை வைத்துக்கொண்டு விடுதி முற்றத்திலேயே பந்து பழகியிருக்கிறாள். இப்போது பி.பி.எட். சேர வேண்டும் என்கிறாளாம். "அக்காவுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு பொம்பள இல்லேன்னுதானே ஹஜ்ரத் அன்னைக்கு வேணாம்னீங்க? நான் அந்தப் பொம்பளயா ஆகிட்டுப் போறேன்னு சொல்லுது. என்ன பதில் சொல்லட்டும்?"

நம் ஜமாஅத்தின் கல்வி உதவித்தொகைப் படிவத்தை எடுத்துப் பார்த்தோம். மருத்துவம், பொறியியல், செவிலியம், ஆசிரியப் பயிற்சி, ஆலிமா என்று ஐந்து கட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஐந்தாவதற்குக் கீழே பேனாவால் ஒரு கோடிட்டு "உடற்கல்வி" என்று எழுதி, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறோம். முத்தவல்லி இன்னும் கையொப்பமிடவில்லை. வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகக் குழு கூடுகிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் அங்கே நேரில் வந்து சொல்லலாம். நாமும் அங்கே இருப்போம், இன்ஷா அல்லாஹ்.